இரவு ஒன்று

மாங்குளம் ஆஸ்பத்திரியில்
எழுபத்து மூன்றாம் நம்பர்,
மரியதாஸ் கலிஸ்ரா.
கடிக்குது என்றேன்.
எது கடிச்சது என்று கேட்டார் டொக்டர்.
காலிப் பக்கத்துப் பிள்ளை, தமிழ் பழகுகிறார்.
ஒன்றும் கடிக்கேல்லை ஐயா, கடிக்குது.
தாதி சிரித்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னாள்.
கையைத் திருப்பிக் காட்டினேன்:
வரப்பு வரப்பாய்த் தடிப்பு,
காலையில் கையில், மத்தியானம் வேறு விலாசத்தில்.
வேப்பிலை அவித்துக் குளித்தாயிற்று.
நந்திக்கடல் இறாலை விட்டாயிற்று,
கத்தரிக்காயையும்.

நித்திரை?
இல்லை.
நெஞ்சு?
அடிக்கும். விசில் ஊதினால் அடிக்கும்,
ஊதாவிட்டால் இன்னும் அடிக்கும்.
அவர் பேனையை வைத்துவிட்டு
என்ன வேலை என்று கேட்டார்.

அம்பகாமம் காட்டில்
ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை எனக்கு.
மிதிவெடி தேடி முழங்காலில் நகருவேன்.
முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடி,
நெஞ்சுக்கு மேல் பாரமான அங்கி.
அதற்குள்ளேதான் தொடங்கும்,
இடது மார்புக்குக் கீழே, விலாவில்.
சொறிய வேண்டுமென்றால்
கருவியை வைக்க வேண்டும், கை தூக்க வேண்டும்,
வந்த வழியாலேயே பின்னுக்குப் போய்
சிவப்புத் தலைத் தடிகளைத் தாண்டி
கொட்டிலில் அங்கியைக் கழற்ற வேண்டும்.
அதற்குள் கடி
முதுகுக்குப் போயிருக்கும்.

மருந்து கொடுக்கிற புவிராஜா
சின்னக் கடதாசி உறையில்
குளிசைகளைப் போட்டு
‘இரவு 1’ என்று எழுதினார்.
ஹைட்ரொக்சிசின்.
கடிக்கும் இதுதான், பதகளிப்புக்கும் இதுதான்.
போட்டிட்டு மோட்டார் சைக்கிள் ஓடாதேங்கோ.
மண் கிண்டலாமா என்று
நான் கேட்கவில்லை.

முதல் இரவு வாய் காய்ந்தது.
பிறகு யாரோ விளக்கை நூர்த்துவிட்டார்கள்.
நாலு மணிக்கு அலாரம் அடித்ததைப்
பக்கத்து வளவு நாய் கேட்டிருக்கிறது.
மகள் அனோஜா தண்ணீர் தெளித்துத்தான் எழுப்பினாள்.

மூன்றாம் நாள்
தோலில் ஒரு வரப்பும் இல்லை.
நெஞ்சு சும்மா இருந்தது.
பாதையில் குந்தினேன்.
கருவி கத்தியது.
கத்துகிறது என்று தெரிந்தது,
ஆருடையோ வீட்டில் ரெலிபோன் அடிக்கிற மாதிரி.
கை தன்பாட்டில் போய்
மண்ணுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.
ஏன் நின்றது என்று இன்றைக்கும் தெரியாது.
எட்டு வருசமாய்
என் மணிக்கட்டைப் பிடித்து வைத்திருந்தது
பயம்தானோ.

ஆணி.
துருப்பிடித்த இரண்டங்குல ஆணி.
அன்றைக்கு ஆணி.

கேதீசனிடம் உறையைக் காட்டினேன்.
ஏசுவான் என்று நினைத்தேன்,
நேரம் போட்டுக் கொப்பியில் எழுதினான்.
இரண்டு கிழமை பாதைக்கு இல்லை;
கொட்டிலில் தடிகளுக்குச் சிவப்பு மை பூசும் வேலை.
மேலதிகக் காசும் வெட்டு.
குளிசையை நிறுத்தினேன்.
முந்நூறு தடி பூசி முடிக்க முன்னமே
கடி திரும்பி வந்துவிட்டது,
சம்பளத்தைவிட ஒழுங்காய்.
அதோடு நெஞ்சும்.
வா என்றேன் நெஞ்சுக்கு மட்டும்.

டொக்டர் யோசித்து யோசித்து
துண்டை மாற்றி எழுதினார்.
இப்போது சனி இரவு மட்டும்.
ஞாயிறு காட்டில் வேலையில்லை.
மற்ற ஆறு இரவும்
நகத்தை ஒட்ட வெட்டி
ஈரத் துணியோடு கிடப்பேன்,
பயத்துக்கு வேளைக்குச் சோறு போட்டபடி.

ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கும்.
அனோஜா தனியப் போவாள்.
சுவாமி கேட்டால்
அம்மாவுக்குச் சுகமில்லை என்பாளாம்.

பொய் சொல்லாதே பிள்ளை.
பத்து மணி வரைக்கும்
அம்மாவுக்குச் சுகம்.